ஹயாத்தன் தய்யிபா: நல்வாழ்வு என்பது எது?

 

 

தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாயின் வழியே நுழைந்து, தென்காசி வீதிகளில் சாரலாகப் பொழியும் காலம் அது. குற்றாலத்தை நோக்கி வெளியூர் வாகனங்கள் வரிசையாகச் சென்றுகொண்டிருந்தன. அஸர் தொழுகை முடிந்து அனைவரும் கலைந்த பின், ஹாஜியார் ஒருவர் மட்டும் பள்ளிவாசல் தூணில் சாய்ந்தபடி அமர்ந்திருந்தார். இருபத்தெட்டு ஆண்டுகள் வளைகுடா நாடொன்றில் உழைத்துவிட்டு, அண்மையில்தான் ஊர் திரும்பியவர்.

“ஹஜ்ரத்! ஊர் உலகமெல்லாம் இந்த அருவியைத் தேடி வருகிறது. ஐந்து கிலோமீட்டர் தொலைவில் வீடு வைத்திருக்கும் நான், நிக்காஹ் முடிந்து முப்பது ஆண்டுகளில் ஒரு சாரல் காலத்தில்கூட என் வீட்டாரோடு அங்கே போய் நின்றதில்லை. எனக்கு விடுப்பு எப்போதும் குளிர்காலத்தில்தான் கிடைக்கும். வீடு கட்டிவிட்டேன். இரண்டு பெண்மக்களையும் கட்டிக் கொடுத்துவிட்டேன். ஹஜ்ஜும் செய்துவிட்டேன். நான் நல்லபடியாக வாழ்ந்திருக்கிறேனா? நீங்களே சொல்லுங்கள்” என்றார்.

சற்று மௌனத்திற்குப் பின், தாம் வந்த காரியத்தையும் சொன்னார். அவருடைய மகனுக்கு விசா வந்திருந்தது. மகனின் குழந்தைக்கு அப்போது ஏழு மாதம். “போ என்று சொல்வதா, இரு என்று சொல்வதா என்று தெரியவில்லை ஹஜ்ரத்!”

என்னால் உடனே பதில் கூற இயலவில்லை. பள்ளிவாசல் திருப்பணிக்கு அவர் அனுப்பிய தொகையைப் பலமுறை மேடையில் அறிவித்து, அவருக்காக துஆச் செய்தவன் நான். ஆனால், அவர் வீட்டில் யார் தனித்திருந்தார்கள் என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. அந்த வெட்கத்தோடுதான் இந்தக் கட்டுரையை எழுதுகின்றேன். நல்வாழ்வு என்பது எது என்பதை மார்க்கத்தின் ஒளியில் நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

திருமறை கூறும் நல்வாழ்வு

திருக்குர்ஆனின் பதினாறாவது அத்தியாயமான அந்நஹ்லின் 97ஆம் வசனத்தில், ஆணாயினும் பெண்ணாயினும் ஈமான் கொண்ட நிலையில் நற்செயல் புரிவோருக்கு நல்லதொரு வாழ்வை வழங்குவதாக அல்லாஹ் வாக்களிக்கின்றான். அந்த நல்வாழ்வையே “ஹயாத்தன் தய்யிபா” என்று அவன் குறிப்பிடுகின்றான். இந்தச் சொல்லுக்கு விரிவுரையாளர்கள் தந்த விளக்கங்களை இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் தமது தஃப்ஸீரில் தொகுத்துள்ளார்கள்.

ஹலாலான, தூய்மையான ரிஸ்க்கே நல்வாழ்வு என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களும் வேறு பலரும் விளக்கம் தந்துள்ளனர். அலீ (ரலி) அவர்களோ அதனைக் ‘கனாஅத்’, அதாவது போதுமென்ற மனம் என்று விளக்கினார்கள். ஹலாலான உணவும் வணக்கமும் சேர்ந்ததே அது என்பது ழஹ்ஹாக் (ரஹ்) அவர்களின் கருத்து. சுவனம் சென்றாலன்றி எவருக்கும் வாழ்வு முழுமையாக இனிப்பதில்லை என்பது ஹஸன் பஸரீ (ரஹ்) போன்றோரின் கூற்று. இவை யாவும் அச்சொல்லில் அடங்கும் என்று இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் முடிவுரைக்கின்றார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பெரிய வீடு என்றோ, நீண்ட ஆயுள் என்றோ, ஊரார் பாராட்டு என்றோ எவரும் விளக்கம் கூறவில்லை. அவற்றைத் தேடுவது பாவம் என்பது இதன் பொருளன்று. நல்வாழ்வை அளக்கும் கோல் அவையல்ல என்பதே இதன் பொருள்.

பொங்குமாங்கடல் தரும் பாடம்

குற்றாலப் பேரருவியில் குளித்தவர்கள் பலர். ஆனால், அந்த அருவி எவ்வாறு இறங்குகிறது என்று உற்று நோக்கியவர்கள் சிலரே. மலையுச்சியிலிருந்து விழும் நீர் நேராகத் தரைக்கு வருவதில்லை. இடையில் பாறையில் அமைந்துள்ள ஆழமான குழியொன்றில் விழுகிறது. அதற்குப் பொங்குமாங்கடல் என்று பெயர். அங்கே நீரின் வேகம் தணிகிறது. நிரம்பிப் பொங்கிய பிறகே அது வழிந்து கீழே இறங்குகிறது. அதனால்தான் சிறுவர் முதல் முதியவர் வரை அந்த நீருக்கு அடியில் நிற்க முடிகிறது. அந்தக் குழி இல்லாதிருந்தால், அத்தனை உயரத்திலிருந்து விழும் நீரின் தாக்குதலை யார்தான் தாங்குவார்?

செல்வமும் அவ்வாறே. அது மனிதன் மீது நேராக விழுந்தால் அவனை அடித்துச் சாய்த்துவிடும். போதுமென்ற மனம் என்னும் ஆழம் உள்ளத்தில் இருந்தால், அங்கே விழுந்து, வேகம் தணிந்து, சுற்றியிருப்போருக்குப் பயனாக வழிந்தோடும். செல்வம் என்பது பொருட்களின் பெருக்கமன்று, உள்ளத்தின் செல்வமே உண்மையான செல்வம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்துள்ளார்கள் (புகாரீ, முஸ்லிம்). அச்சமின்றி, உடல் நலத்தோடு, அன்றைய உணவைக் கையில் வைத்துக்கொண்டு காலையில் கண்விழிப்பவனுக்கு, இவ்வுலகமே திரட்டித் தரப்பட்டது போன்றதாகும் என்ற கருத்திலும் ஒரு நபிமொழி உண்டு (திர்மிதீ).

போதுமென்ற மனம் என்பது சோம்பலன்று. பொங்குமாங்கடலில் நீர் தேங்கி நின்றுவிடுவதில்லை. அது சிற்றாறாகத் தென்காசியைக் கடந்து, குளங்களையும் வயல்களையும் நனைத்து, இறுதியில் தாமிரபரணியில் கலக்கிறது. உழைப்பும் வேண்டும், ஓட்டமும் வேண்டும். ஆனால், ‘இன்னும், இன்னும்’ என்ற வேகம் தணிய உள்ளத்தில் ஓர் இடம் வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் உரிய உரிமை

மதீனாவில் ஸல்மான் ஃபாரிஸீ (ரலி), அபுத்தர்தா (ரலி) ஆகிய இருவரையும் நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். ஒருநாள் ஸல்மான் (ரலி) அவர்கள் தம் சகோதரரின் இல்லத்திற்குச் சென்றபோது, அவருடைய துணைவியார் எளிய ஆடையில், அலங்காரமின்றி இருப்பதைக் கண்டு காரணம் கேட்டார்கள். தம் கணவருக்கு உலக விஷயத்தில் நாட்டமில்லை என்று அந்த அம்மையார் கூறினார். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்த அபுத்தர்தா (ரலி) அவர்களை ஸல்மான் (ரலி) அவர்கள் உண்ணச் செய்தார்கள், உறங்கச் செய்தார்கள், இரவின் பிற்பகுதியில் எழுப்பித் தம்மோடு தொழச் செய்தார்கள். பிறகு, இறைவனுக்கும், உமது உடலுக்கும், உமது குடும்பத்தாருக்கும் உம்மீது உரிமை உண்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் உரிமையைக் கொடுத்துவிடும் என்று அறிவுறுத்தினார்கள். ஸல்மான் கூறியது உண்மையே என நபி (ஸல்) அவர்களும் உறுதிப்படுத்தினார்கள் (புகாரீ).

சகோதரர்களே! வணக்கத்தின் பெயரால்கூடக் குடும்பத்தாரின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்றால், சம்பாத்தியத்தின் பெயரால் பறிக்கலாமா?

உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு நகர்வலம் வந்தபோது, போர்முனைக்குச் சென்ற கணவனின் பிரிவை எண்ணி ஒரு பெண்மணி புலம்புவதைக் கேட்டார்கள். கணவனைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் கேட்டறிந்தார்கள். நான்கு மாதம் என்றும், ஆறு மாதம் என்றும் அறிவிப்புகளில் வருகிறது. அதற்கு மேல் வீரர்களைப் போர்முனையில் நிறுத்தி வைக்கலாகாது என்று கலீஃபா அவர்கள் ஆணையிட்டார்கள். இஸ்லாமியப் பேரரசின் எல்லையைக் காக்கும் படைக்கே இந்த வரம்பு! நம் வீடுகளில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் இரண்டு மாத விடுப்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மேலைநாட்டு ஆய்வொன்றும் இதே உண்மையைத் தொட்டுக்காட்டுகிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு அது. ஹார்வர்டு மாணவர்கள் 268 பேரையும், பாஸ்டன் நகரின் ஏழ்மையான பகுதிகளில் வளர்ந்த சிறுவர்கள் 456 பேரையும் ஆய்வாளர்கள் அவர்தம் வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்தனர். முதுமையில் யார் நலமாகவும் மனநிறைவோடும் இருந்தார்கள் என்று பார்த்தபோது, பணமோ புகழோ அதைத் தீர்மானிக்கவில்லை. நெருங்கிய உறவுகள் நல்ல நிலையில் இருந்தவர்களே நலமாக இருந்தார்கள் என்று ஆய்வின் தலைவரான மனநல மருத்துவர் ராபர்ட் வால்டிங்கர் விளக்குகின்றார். அண்ணலார் (ஸல்) அவர்கள் ஆமோதித்த ஸல்மானின் அறிவுரையை, எண்பது ஆண்டு கால ஆய்வு தன் வழியில் சென்று கண்டுகொண்டது.

தறிக்குழியிலிருந்து கடல் கடந்தவர்கள்

“அப்படியானால் எவரும் வெளிநாடு போகக் கூடாதா?” என்று கேட்கலாம். நம் பகுதியின் வரலாறே இதற்கு விடை தருகிறது.

தென்காசியிலும், மதுரை செல்லும் சாலையில் உள்ள கடையநல்லூரிலும் நம் முன்னோர்களில் பலர் நெசவாளர்கள். தறிக்குழியில் கால் வைத்துத் தறி நெய்து பிழைத்தவர்கள். கைத்தறி நலிந்து, பஞ்சமும் வறுமையும் வாட்டியபோது, அவர்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினார்கள். மற்ற ஊர்களிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஆண்கள் மட்டும் சென்று, வணிகம் செய்து திரும்பி வந்த காலம் அது. நம் பகுதியினரோ மனைவி மக்களை உடன் அழைத்துச் சென்றனர். ஆண்கள் கூலி வேலையும் சிறு வணிகமும் செய்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் பகுதியில் நெருக்கமான குடியிருப்புகளில் அவர்கள் வாழ்ந்தார்கள். வசதி குறைவு, ஆனால் குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருந்தது.

1941ஆம் ஆண்டு அவர்கள் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே ஜப்பானியரின் ஆக்கிரமிப்பு வந்தது. மூன்றரை ஆண்டுகள் பசியும் அச்சமும் நிறைந்த வாழ்க்கை. 1945இல் போர் ஓய்ந்தது. இழந்தவற்றை மீட்பதற்கே ஒவ்வொரு குடும்பமும் போராட வேண்டிய நேரம் அது. அந்த நேரத்தில்தான், 1946இல், அவர்கள் பிள்ளைகளுக்காக ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார்கள். அதற்கு உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி என்று பெயரிட்டார்கள்.

உமறுப்புலவர் யார்? அண்ணலாரின் வாழ்க்கையை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் சீறாப்புராணமாகப் பாடி, எட்டயபுரத்தில் அடக்கமாகியிருக்கும் பெருமகனார். அவரைப் புரந்தவர் கீழக்கரையின் வள்ளல் சீதக்காதி, பின்னர் பரங்கிப்பேட்டையின் அபுல்காசிம் மரைக்காயர். கொடுத்தவர்களால் ஒரு காப்பியம் எழுந்தது. அந்தக் காப்பியம் பாடியவரின் பெயரால், ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் கழித்து, கடல் கடந்த மண்ணில் உழைப்பாளிகளின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி எழுந்தது. நன்மை இவ்வாறுதான் கைமாறிச் செல்கிறது.

1960இல் அது உயர்நிலைப் பள்ளியாக உயர்ந்தது. சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக அது விளங்கியது. ஆங்கிலக் கல்வியின் பக்கம் மக்கள் திரும்பியதால் மாணவர் எண்ணிக்கை குறைந்து, 1982இல் மூடப்பட்டது. அத்தோடு எல்லாம் முடிந்ததா? மறு ஆண்டே உமறுப்புலவரின் பெயரில் அங்கே தமிழ்மொழி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்றும் அது அந்தப் பெயரோடு மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்து வருகிறது.

அந்த முன்னோர்களில் பலருக்கு மாடி வீடு இருந்திருக்காது. மசாலா அரைத்துக் கை எரிந்த தாய்மார்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆணாயினும் பெண்ணாயினும் என்று இறைவன் வாக்களித்தானே, அந்த வாக்கின் பொருளை அவர்களுடைய வாழ்வில் நாம் காணலாம். ஒரு மனிதன் மரணித்தபின் மூன்றைத் தவிர அவனது அமல்கள் முடிந்துவிடுகின்றன. நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, அவனுக்காக துஆச் செய்யும் நற்பிள்ளை ஆகியவையே அம்மூன்றும் என்பதை நபிமொழி நமக்கு அறிவிக்கிறது (முஸ்லிம்). பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்து வளர்த்து, அவர்களுக்காகப் பள்ளிக்கூடமும் கட்டியவர்கள் இம்மூன்றையும் ஒருசேரத் தேடிக்கொண்டார்கள்.

திரும்புவதற்குக் காலம் கடந்துவிடவில்லை

“எங்கள் காலம் போய்விட்டதே” என்று வருந்துவோருக்கு இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களின் வாழ்வில் ஆறுதல் இருக்கிறது. 1091ஆம் ஆண்டு பக்தாதின் நிஜாமிய்யா கலாசாலையில் அவர்கள் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்கள். அன்றைய உலகில் ஓர் ஆலிம் அடையக்கூடிய உயர்ந்த பதவிகளில் ஒன்று அது. நான்கே ஆண்டுகளில் அவர்களின் உள்ளம் அவர்களையே விசாரித்தது. இந்தக் கல்வியை அல்லாஹ்வுக்காகக் கற்பிக்கிறேனா, புகழுக்காகவா என்ற கேள்வி அவர்களை வாட்டியது. பாடம் நடத்த நா எழவில்லை, உணவும் இறங்கவில்லை என்று அவர்களே தம் நூலில் பதிவு செய்துள்ளார்கள்.

1095இல் பதவியைத் துறந்து பக்தாதை விட்டுப் புறப்பட்டார்கள். அப்போதும் தம் பிள்ளைகளின் வாழ்வாதாரத்திற்குத் தேவையானதை ஒதுக்கி வைத்துவிட்டே மற்றப் பொருளைப் பகிர்ந்தளித்தார்கள் என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி. டமாஸ்கஸ், ஜெரூசலம், மக்கா, மதீனா எனப் பயணித்தார்கள். இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூல் அந்தத் திருப்பத்தின் விளைவேயாகும். பதவியில் இருந்த நான்கு ஆண்டுகளைவிட, அதைத் துறந்தபின் எழுதிய நூலுக்காகவே இன்றும் உலகம் அவர்களை நினைவுகூர்கிறது.

ஹாஜியாருக்கு நான் சொன்ன பதில்

மறுநாள் அந்த ஹாஜியாரை நானே தேடிச் சென்றேன். அவருடைய வாழ்வுக்குத் தீர்ப்புக் கூற எனக்கு அதிகாரமில்லை என்று முதலில் சொன்னேன். “உங்கள் சம்பாத்தியத்தில் யாரெல்லாம் கரையேறினார்கள்?” என்று கேட்டேன். தங்கைகளின் திருமணம், தம்பியின் படிப்பு, தந்தையின் வைத்தியச் செலவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குடும்பத்திற்காகச் செலவிடும் காசே நன்மையில் உயர்ந்தது என்ற நபிமொழியை (முஸ்லிம்) அவருக்கு நினைவூட்டினேன். அவர் கண்கள் கலங்கின.

“ஆனால் ஹாஜியார், ஒரு கடன் பாக்கி இருக்கிறது. இருபத்தெட்டு ஆண்டுகள் உங்கள் வீட்டையும் பிள்ளைகளையும் ஒற்றையாளாகக் காத்தவர்கள் உங்கள் வீட்டார். அவர்களிடம் நன்றி சொல்லியிருக்கிறீர்களா? பொருந்திக்கொள்ளும்படி கேட்டிருக்கிறீர்களா?” என்றேன். அவர் தலைகுனிந்தார்.

மகனைப் பற்றி மூன்று கேள்விகளை மட்டும் முன்வைத்தேன். போவதற்கு அவன் மனைவி உளமாரச் சம்மதிக்கிறாளா? எவ்வளவு சேர்ந்தால் போதும், எப்போது திரும்புவது என்று இருவரும் இப்போதே பேசி முடிவு செய்திருக்கிறார்களா? குடும்பத்தை உடன் அழைத்துக்கொள்ள வழியுண்டா என்று விசாரித்தார்களா? இம்மூன்றுக்கும் விடை இல்லாமல் பயணச்சீட்டு வாங்க வேண்டாம் என்றேன்.

இரண்டு வெள்ளிக்கிழமைகள் கழித்து ஹாஜியார் என்னைச் சந்தித்தார். மகன் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் செல்வது, முதலாண்டு முடிந்ததும் மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொள்ள முயல்வது, முடியாவிட்டால் திரும்பிவிடுவது என்று மருமகள் முன்னிலையிலேயே பேசி முடித்துவிட்டார்களாம். பிறகு, சற்றுத் தயங்கி, “ஹஜ்ரத், நேற்று சுபுஹு தொழுதுவிட்டு, கூட்டம் சேருமுன் ஐந்தருவிக்கு என் வீட்டாரை அழைத்துக்கொண்டு போனேன். நாங்கள் குளிக்கவில்லை. சாரலில் சும்மா நின்றோம். இந்தச் சத்தம் காற்றடிக்கும் இரவுகளில் வீடுவரை கேட்பது போலத் தோன்றும், நீங்கள் இல்லாத நாட்களில் அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன் என்றாள். முப்பது ஆண்டுகளில் அதை அவள் சொல்லி நான் கேட்டதில்லை” என்றார்.

சகோதரர்களே! தாய்மார்களே! இன்று இரவு உணவுக்குப் பின் உங்கள் வீட்டில் சற்று நேரம் தொலைக்காட்சியையும் அலைபேசியையும் ஒதுக்கிவைத்துவிட்டு அமருங்கள். நம் வீட்டிற்கு வரும் பொருள் ஹலாலானதா? எவ்வளவு இருந்தால் நமக்குப் போதும்? நம்மில் யாருடைய உரிமை நிறைவேறாமல் இருக்கிறது? நாம் மறைந்தபின் பிறர் பிள்ளைக்கும் பயன்படும் எதை விட்டுச்செல்கிறோம்? இந்நான்கையும் பெரியவர்களும் பிள்ளைகளும் கலந்து பேசுங்கள். வெளிநாட்டில் இருப்பவரோடும் பணக் கணக்கை மட்டும் பேசாமல் இதையும் பேசுங்கள். நல்வாழ்வு என்பது எல்லாம் முடிந்தபின் கடைசியில் வந்து சேரும் பரிசன்று. ஹலாலைத் தேடி, போதுமென்று நின்று, உரியவர்க்கு உரியதைக் கொடுக்கும் அந்த நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது.

வல்ல நாயன் அல்லாஹ் நமக்கு ஹலாலான ரிஸ்க்கையும், போதுமென்ற மனத்தையும், கண்குளிர்ச்சியான குடும்பத்தையும் தந்தருள்வானாக! கடல் கடந்து உழைக்கும் நம் சகோதரர்களை நலமோடு அவரவர் இல்லம் சேர்ப்பானாக! நமக்கு முன் சென்ற நல்லோர்களின் தர்மங்களை ஏற்றுக்கொள்வானாக! இம்மையில் நல்வாழ்வையும் மறுமையில் அழியா வாழ்வையும் நம் அனைவருக்கும் நல்கி அருள்புரிவானாக! ஆமீன்.